எடுத்து வைத்துக் காத்திருக்கும் பலகாரம்



கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேவாலயத்து நள்ளிரவு வழிபாட்டை ஆன்மாவுக்கு உரியதென்றும், வீட்டில் சுடும் பலகாரத்தை நாவுக்கு உரியதென்றும் பிரித்து, முன்னதை உயர்த்தியும் பின்னதைக் கொண்டாட்டத்தின் மேல்பூச்சாகத் தாழ்த்தியும் பேசுவது நெடுநாளைய வழக்கம். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி வாழும் கிறிஸ்தவ மீனவக் குடும்பங்களின் மார்கழி மாதத்தை அருகிலிருந்து பார்ப்பவர்க்கு அந்தப் பிரிவினை நிலைக்காது. அங்கே பலகாரம் விழாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே குடும்பம் முழுவதும் கூடியிருந்து செய்யப்படுகிறது. செய்தது உடனே உண்ணப்படாமல் தகர டப்பாவில் அடைத்து வைக்கப்படுகிறது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் அந்த மூடி திறக்கப்படுகிறது. விடிந்ததும் முதல் தட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது. செய்தல், காத்தல், கொடுத்தல் என்ற இந்த மூன்றும் விசுவாசம் வீட்டுக்குள் எடுத்துக்கொண்ட வடிவம் என்பதே இவ்வுரை நிறுவ முயலும் கருத்து.

 பழவேற்காட்டு ஏரி ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. உவர்நீர் என்பது முகத்துவாரத்தின் வழியாக ஏறிவரும் கடல்நீரும், ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி முதலிய ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீரும் கலந்து, பருவத்துக்குப் பருவம் உப்பின் அளவு மாறிக்கொண்டே இருக்கும் நீர். கோடையில் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட, ஏரி உப்பேறிச் சுருங்குகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஆறுகள் பெருகி, வாய் திறந்து, இறாலும் மடவையும் நண்டும் மிகுந்து, பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. ஆகவே இந்தக் கரையில் மார்கழி என்பது மழையும் புயலும் அச்சுறுத்தும் காலமாகவும், வலை கனக்கும் காலமாகவும் ஒருங்கே இருக்கிறது. பலகாரத்துக்கு வேண்டிய அரிசியும் வெல்லமும் எண்ணெயும் எவ்வளவு வாங்கலாம் என்பதை அந்தந்த ஆண்டின் ஏரியே முடிவு செய்கிறது.

இங்கே 'பாடு' என்னும் பழைய முறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலவே. அவற்றை வல்லவன் ஒருவனே பிடித்துக்கொள்ளாதபடி, ஊரார் கூடிக் குலுக்கல் வழியாக இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்த உரிமையை வழிவழியாகக் கொண்டவை. அவற்றுள் ஒன்று மாதாவின் பெயரையே தாங்கி நிற்பதைக் கேட்ட மாத்திரத்தில் அறியலாம். சட்டம் எழுதப்படாத காலத்திலேயே நீரைப் பங்கிட்டு உண்ணப் பழகிய மக்கள், பண்டிகைத் தட்டைப் பங்கிட்டு உண்பதில் வியப்பில்லை.

விசுவாசம் இந்தக் கரைக்கு வந்த வரலாறு நீளமானது. அதன் தேவையான பகுதியை மட்டும் சொன்னால் போதும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் பழவேற்காட்டில் குடியேறினார்கள். மகிமை மாதா தேவாலயத்தின் தொடக்கத்தை 1515ஆம் ஆண்டுக்குக் கொண்டுசெல்கிறது தேவாலய மரபு. பின்னர் வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பி, சோழமண்டலக் கரை வணிகத்துக்கே அதைத் தலைமையிடமாக்கினார்கள். 1825இல் அவர்கள் ஆளுகை முற்றாக ஆங்கிலேயரிடம் சென்றது. டச்சுக்காரர்களின் குருவாக 1632 முதல் பத்தாண்டுகள் பழவேற்காட்டில் பணியாற்றிய ஆபிரகாம் ரொஜேரியஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து, இந்நாட்டு மக்களின் வழிபாட்டையும் வாழ்க்கை முறையையும் விரிவாக எழுதினார்; அவர் மறைந்த பின் 1651இல் வெளியான அந்த நூலில்தான் பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழி ஒன்றில் இடம்பெற்றன. அடுத்த வீட்டுக்காரன் எதை வணங்குகிறான், எதை உண்கிறான், எதை விலக்குகிறான் என்று பொறுமையாகக் கேட்டறியும் பழக்கம் இந்த ஊர்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்காகவே அவர் இங்கே நினைக்கப்படுகிறார்.

விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலத்தைத் திருச்சபை திருவருகைக் காலம் என்று அழைக்கிறது. அது பிறக்கப்போகும் பாலனுக்காக உள்ளத்தைத் தூய்மைப்படுத்திக்கொண்டு காத்திருக்கும் காலம். குருவின் திருவுடை ஊதா நிறத்தில் இருப்பதும், வழிபாட்டில் வானவர் கீதம் பாடப்படாமல் நிறுத்தி வைக்கப்படுவதும் அந்தக் காத்திருப்பின் அடையாளங்களே. அந்தக் கீதத்தை மீண்டும் பாடும்போது எழும் மகிழ்ச்சிக்கு முன்னைய மௌனமே காரணம். பெரியவர்கள் இதை மறையுரை கேட்டு விளங்கிக்கொள்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு விளங்க வைப்பது எப்படி? பரணில் ஏற்றி வைத்த டப்பாதான் அதைச் செய்கிறது. மாவு பிசைந்தபோது தானும் உட்கார்ந்து உருட்டியது, எண்ணெயிலிருந்து எடுத்தபோது உடைந்துபோன ஒன்றிரண்டை மட்டும் தின்னப் பெற்றது, மீதியெல்லாம் மேலே இருக்கிறது, பாலன் பிறந்தால்தான் கீழே இறங்கும் என்பதை அந்தக் குழந்தை நாள்தோறும் அண்ணாந்து பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறது. திருவருகைக் காலம் என்ற சொல்லையே அது அறிந்திராது. ஆனாலும் அந்தக் காலத்தை அது முழுமையாகக் கடைப்பிடிக்கிறது.

குழந்தைகள் வழியாக வீட்டுக்குள் விசுவாசம் நுழைவது தமிழ்க் கடற்கரையில் பழைய செய்தி. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், செபங்களைத் தமிழில் ஆக்கிக்கொண்டு, கைமணியை ஒலித்தபடி தெருக்களில் நடந்து சிறுவர்களைக் கூட்டி மனப்பாடம் செய்வித்து, அவர்கள் வீடு சென்று பெற்றோர்க்கும் அயலார்க்கும் அவற்றைச் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பினார் என்பதை அவருடைய கடிதங்களே காட்டுகின்றன. குடில் அமைக்கும் வேலை இன்றும் சிறுவர்களிடமே விடப்படுவது அதே வழியில்தான். தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட பாலனின் பிறப்புக் காட்சியை உருவங்களாலும் வைக்கோலாலும் அமைத்துக் காட்டுவது குடில். இத்தாலியின் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் 1223இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அதைத் தொடங்கி வைத்தார். ஏரிக்கரையில் பனையோலைக்கும் வைக்கோலுக்கும் மணலுக்கும் கிளிஞ்சலுக்கும் பஞ்சமில்லாததால் கடையில் வாங்க வேண்டியவை சுரூபங்கள் மட்டுமே.

நற்செய்தி நூல்களில் இந்த மக்களுக்கு மிக நெருக்கமான இடங்கள் இரண்டு உண்டு. இயேசு முதலில் அழைத்த சீடர்கள் கலிலேய ஏரியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதைவிட ஆழமானது மற்றொன்று: பிறப்பின் செய்தி முதலில் சென்றடைந்தது, இரவெல்லாம் விழித்திருந்து கிடை காத்த இடையர்களிடம், அதாவது ஊர் உறங்கும்போது உறங்க முடியாத உழைப்பாளிகளிடம். இறால் வலை கட்டும் குடும்பங்களும் அத்தகைய இரவுகளை அறிந்தவையே. பொழுது சாய வலை கட்டி, பனியில் படகிலேயே கிடந்து, விடியலில் எடுத்துக் கரை சேர்க்கிறவனுக்கு நள்ளிரவு வழிபாடு வழக்கத்துக்கு மாறான நேரம் அன்று. அந்த ஓர் இரவு மட்டும் அவன் நீரில் விழித்திருக்காமல் தேவாலயத்தில், மனைவி மக்களோடு விழித்திருக்கிறான்.

இனி அடுக்களைக்கு வரலாம். பலகாரங்களுள் கைத்திறனை மிகுதியாகக் கேட்பது அச்சுமுறுக்கு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் வாட்டி, இடித்துச் சலித்த மாவில், முதல் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் கரைத்து, கருப்பு எள்ளைத் தூவிக்கொள்வார்கள். மாவு தோசை மாவைவிடச் சற்று நீர்த்திருக்க வேண்டும். கெட்டியானால் அச்சைவிட்டுக் கழலாது, மிக நீர்த்தால் பூ உருவாகாமல் எண்ணெயிலேயே பிரிந்துவிடும். புது அச்சாக இருந்தால் அரிசி கழுவிய நீரில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெயில் காய்ச்சிப் பழக்க வேண்டும். பழகிய அச்சையும் ஒவ்வொரு முறையும் எண்ணெயிலேயே சூடேற்றி, மாவில் முக்கால் பங்கு மட்டும் அமிழும்படி தோய்க்க வேண்டும். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சிலேயே சிறைப்பட்டுப்போகும். சூடான அச்சு மாவைத் தொடும்போது எழும் 'சொய்' என்ற ஓசையைக் கேட்டே அச்சு காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடும் மூதாட்டிகள் உண்டு. மழைக்காலத்து ஈரக்காற்றில் முறுக்கு நமுத்துப்போகாமல் காப்பது அடுத்த வேலை: சூடு முற்றும் ஆறுமுன் டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துவிடும், ஆறிய பின்பும் வெளியே வைத்திருந்தால் ஏரிக்காற்று அதை அரைமணிக்குள் துவளச் செய்துவிடும். அந்த இடைப்பட்ட வேளையை அறிவதுதான் தேர்ச்சி. அது எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லை.

கலகலா என்பது கோதுமை மாவோ மைதாவோ, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துப் பிசைந்த மாவைச் சிறு உருண்டைகளாக்கி, புதுச் சீப்பின் பல்வரிசையிலோ முள்கரண்டியின் முதுகிலோ அழுத்திச் சுருட்டி, சிப்பியின் வரியோடு பொரித்தெடுக்கும் இனிப்பு. ஒருவர் தனியாக உட்கார்ந்தால் ஓர் இரவில் முடியாத வேலை இது. பாயை விரித்து, நடுவில் தாம்பாளத்தை வைத்து, தாத்தா முதல் பேரன்வரை சுற்றி அமர்ந்தால்தான் முடியும். அந்த வட்டத்தில் கையளவுக்கு ஏற்றபடி உருண்டைகள் சிறிதும் பெரிதுமாக வருவதும், ஒருவர் பாட்டெடுக்க மற்றவர் தொடர்வதும், செபமாலையின் ஐந்து பத்துகளும் மாவு தீருமுன் சொல்லி முடிக்கப்படுவதும் வீடுதோறும் நடப்பவை. ஆளுக்கு ஒரு திசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாலைகளுக்கு நடுவே, இரண்டு கைகளும் மாவாகிவிட்டதால் வேறெதையும் தொட முடியாமல் குடும்பம் முகத்துக்கு முகம் பேசிக்கொள்ளும் அந்த இரண்டு மணி நேரம் பெரிய வரம். அதிரசமும் முறுக்கும் தீபாவளிக்கும் பொதுவானவை என்பதால் அவற்றை விரிக்க வேண்டியதில்லை.

கேக் இந்தக் கரைக்குப் பிந்தி வந்த விருந்தாளி. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் 1883இல் தலச்சேரியில், மம்பள்ளி பாபு என்னும் அடுமனைக்காரரால், மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் கேட்டுக்கொண்டபடி செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கேக் சுடும் அடுப்பு இல்லாத தமிழ் வீடுகள் அதற்கு ஒரு வழி கண்டன: அடிகனத்த பாத்திரத்தில் மணலைக் கொட்டிக் காயவைத்து, அதன் நடுவே கலவைப் பாத்திரத்தை இறக்கி, மூடியின் மேல் தணலைப் பரப்பி, மேலும் கீழும் ஒரே சீரான சூட்டில் வேகவைத்தார்கள்.

இப்பலகாரங்களுள் சில கடல் கடந்து வந்தவை என்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. கோவாவிலும் கலகலாவின் உறவுப் பலகாரம் கிறிஸ்துமஸுக்கே உரியதாக வழங்குகிறது. அதன் வேர் போர்த்துகீசியச் சமையலில் இருக்கிறது என்பர். இலங்கையில் டச்சு வழிவந்த பறங்கியர் வீடுகளில் புரூடர் என்னும் உலர்திராட்சை ரொட்டி கிறிஸ்துமஸ் காலையில் பரிமாறப்படுகிறது. ரவையும் முந்திரியும் தேனும் பூசணிப் பாகும் சேர்ந்த லவ் கேக்கோ, பறங்கியர் வீட்டைத் தாண்டி எல்லா இனத்தார்க்கும் சொந்தமாகிவிட்டது. கோட்டை கட்டியவர்கள் போய்விட்டார்கள். பழவேற்காட்டில் அவர்களுடைய கல்லறைகளும் கோட்டையின் சிதைவுகளும்தான் எஞ்சியிருக்கின்றன. ஆனால் அயலார் முறையை எடுத்துக்கொண்டு, அதில் அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் எள்ளையும் ஏலக்காயையும் சேர்த்துத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்ட தாய்மார்களின் கைவேலை ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கிறது.

விடிந்ததும் தட்டுகள் புறப்படுகின்றன. பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தாரின் குப்பங்களில் பெரும்பாலோர் அம்மனை வழிபடுவோர். பழவேற்காட்டு நகரில் பனையோலைக் கைவினைக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் பெண்கள் வாழ்கிறார்கள். தெலுங்கு பேசும் குடும்பங்களும் அக்கம்பக்கத்தில் உண்டு. அச்சுமுறுக்கும் கலகலாவும் வாழைப்பழமும் வைத்து மூடிய தட்டு இந்த வீடுகளுக்கெல்லாம் செல்கிறது. திரும்பி வரும் தட்டு வெறுமையாக வருவதில்லை, குறைந்தது ஒரு பிடி சர்க்கரையாவது அதில் இருக்கும். மூன்று வாரம் கழித்துப் பொங்கல் பானை பொங்கும்போதும், நோன்புப் பெருநாளின்போதும் அதே தட்டுகள் எதிர்த்திசையில் நடக்கின்றன. முட்டை சேராத பலகாரத்தை யார் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், யார் வீட்டில் அந்த ஆண்டு துக்கம், யார் மருமகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் தட்டு அடுக்கும் பெண்மணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சமய நல்லிணக்கம் என்று மேடைகளில் சொல்லப்படுவதை அவர் சொல்லாமலே செய்துவிடுகிறார்.

இந்தக் கரையின் கிறிஸ்துமஸில் துயரமும் கலந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு மகிழ்ச்சியை மட்டும் பேசுவது பொய்யாகும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், விழாவின் பலகாரம் டப்பாக்களில் தீராமல் இருந்தபோதுதான் ஆழிப்பேரலை வந்தது. 2011இல் கிறிஸ்துமஸ் நாளன்றே பழவேற்காட்டு ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2023 டிசம்பரின் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது; அதோடு தெற்கே எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, அங்கிருந்த மீனவர்கள் விழாக்காலம் முழுவதும் தொழிலுக்குப் போக முடியாமல் நின்றார்கள். சாவு விழுந்த வீடு அந்த ஆண்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அந்த வீட்டுக்குரிய பலகாரத்தை உறவினரும் அயலாரும் செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். விழா நிற்பதில்லை, செய்யும் கை மட்டும் மாறுகிறது. மாட்டுத் தொழுவத்தில், இடமில்லை என்று ஒதுக்கப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்த குழந்தையின் விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான அனுசரிப்பு இருக்க முடியாது.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இறாலைப் பிரிப்பதும், கூடை சுமந்து விற்பதும், வட்டிக்கணக்கு பார்ப்பதும் பெண்களின் வேலையாக இருக்க, இரவில் பலகாரச் சுமையும் அவர்கள் தலையிலேயே ஏறுமானால், அது குடும்ப விழா ஆகாது; ஒருத்தியின் உழைப்பில் மற்றவர்கள் கொண்டாடும் விழாவாகிவிடும். வலைக்கண்ணை நுட்பமாகப் பின்னத் தெரிந்த ஆணின் விரல்களுக்குக் கலகலா சுருட்டுவது கடினமன்று. பல வீடுகளில் ஆண்கள் சுருட்டவும் செய்கிறார்கள். களைத்துப்போன தாய் கடையில் பெட்டி வாங்கி வந்தால் அவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் கடைப்பெட்டி டிசம்பர் 24ஆம் நாள் மாலையில் வீட்டுக்குள் வந்து, அன்றிரவே பிரிக்கப்பட்டுவிடுகிறது; அதில் பதினைந்து நாள் காத்திருப்பு இல்லை, பரணை அண்ணாந்து பார்க்கும் குழந்தை இல்லை. இழப்பு ருசியில் ஏற்படுவதன்று. ருசி சில வேளை கடையிலேயே மேலாகக்கூட இருக்கும். கூடிச் செய்த மாலைகள்தாம் இழக்கப்படுகின்றன.

ஆகையால் இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. ஏரிக்கரைக் குப்பங்களின் பலகாரச் செய்முறைகள் எவையும் எழுதி வைக்கப்படாமல், ஆழாக்கு, படி, ஒரு கை, அரைக் கை என்ற அளவுகளில் மூதாட்டிகளின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. வருகிற திருவருகைக் காலத்தில் மறைக்கல்வி வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பாட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்து, எந்த அரிசி, எத்தனை நாழிகை ஊறல், எண்ணெயின் சூட்டை எப்படிப் பார்ப்பது, எந்த வீட்டுக்கு எந்தத் தட்டு, பொரிக்கும்போது என்ன செபம், என்ன பாட்டு என்பவற்றை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நோட்டுகளைப் பங்கு அலுவலகமும் ஊர் நூலகமும் சேர்ந்து வாங்கி, ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் அடுக்கி வைக்க வேண்டும். கிறிஸ்தவர் அல்லாத வீடுகளின் பொங்கல் முறையும் பெருநாள் முறையும் அதே அடுக்கில் இடம்பெறலாம். அச்சும் சீப்பும் தாம்பாளமும் கையில் எடுக்கப்படும் டிசம்பர் இரண்டாம் வாரமே அந்த வேலையைத் தொடங்குவதற்கு உரிய நேரம்.